இருக்கைக்குக் கீழே தொங்கிய போத்தல்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொடி ஏறிய வருடம் எனக்கு நாற்பத்து மூன்று வயது. மலாக்கா டவுனிலிருந்து புக்கிட் ரம்பாய்க்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வழியில் ஒதுங்க இடமில்லை என்பதால் எங்கள் ஓட்டுநர்களிடையே ஒரு வழக்கம். காலையில் கெட்டித் தேத்தண்ணி ஒரு குவளை, கருவாட்டோடு சோறு. அதன்பின் கடைசி டிரிப் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் பெருமை வேறு. நான்தான் சாம்பியன்.

ஒருநாள் காஜா பேராங் வளைவில் யாரோ என் விலாவுக்குப் பின்னால் கடப்பாரையைச் சொருகித் திருகினார்கள். பஸ்ஸை ஓரங்கட்டி, பயணிகள் பார்க்க, பின்சீட்டில் படுத்து மரண வாக்குமூலமே கொடுத்துவிட்டேன். கண்டக்டரின் கையைப் பிடித்து, அவன் தொலைத்ததாக நினைத்த குடை என் வீட்டில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் என்னோடு ஓடியவன். என்னைவிடச் சத்தமாக அழுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்து எமன் வெளியே வந்து விழுந்தான். மிளகளவுகூட இல்லை.

"கல்லு உங்க வேலையில முளைச்சது," என்றார் டாக்டர். "போறது வெளுப்பா போற வரைக்கும் தண்ணி குடிங்க. கருவாடு, கெட்டித் தேத்தண்ணி ரெண்டையும் குறைங்க. அடக்கி வைக்காதீங்க."

அன்றுமுதல் தினமும் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன்.

"என்ன, தங்கம் கெடைக்குதா அதுல?" என்றாள் மனைவி.

கண்டக்டர்தான் தைரியம் சொன்னான். "நல்லா குடிங்கண்ணே. எங்க வேணும்னாலும் நிறுத்துங்க, நான் சமாளிச்சுக்கறேன் லா." என் இருக்கைக்குக் கீழே ஆணியடித்துத் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டதும் அவனே.

கம்போங் செட்டியில் சாலையோரமாக இருந்த ஒரு வீட்டில் கொல்லைக் கக்கூஸைத் திறந்துவிட்டார்கள். அந்த வீட்டுச் செட்டி அம்மாளுக்குத் தமிழ் வராது; தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம். நான் வெளியே வந்ததும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரை நீட்டி, குடி குடி என்று மலாயில் சொல்லிக் கையாலும் காட்டுவார். பஸ்ஸில் கண்டக்டர், "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறாரு" என்று அறிவிப்பான்.

"ஊத்தறாரா, எறக்கறாரா?" என்பாள் மீன் கூடைக்காரி. பஸ்ஸே சிரிக்கும். நானும்தான்.

மூன்று மாதம் வலி எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் மாதம் பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மேசையில் ஒரு சின்ன நோட்டு. நான் நின்ற ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும் அதில் இருந்தன. நாலு நிமிடம் நின்ற இடத்திலெல்லாம் ஏழு. அந்த ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. பன்னிரண்டு வருடமாக டிக்கெட் கணக்கில் பார்த்துவந்த கோடு.

"நிக்காம ஓட்டறியா, இல்ல சீட்டை விடறியா?"

அந்த மிளகை நினைத்துப் பார்த்தேன். சீட்டை விட்டேன். பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள்.

வாசலில் கண்டக்டர் நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் ஓட்ட லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷமாச்சுண்ணே. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

என்னென்னவோ கேட்க நினைத்தேன். வாயில் வந்தது இதுதான்: "குடையைத் திருப்பிக் குடுத்தேனே, பாவி!"

அவன் ஓட்டுநரானான். டிப்போவில் குழாயடியில் நான். தண்ணீருக்குக் குறைவில்லை, ஒதுங்கவும் இடம் உண்டு. பஸ்ஸைக் கழுவும்போது பார்ப்பேன். அதே ஆணியில் என் போத்தல், கருவாடாய்க் காய்ந்து. அவன் காலையில் கெட்டித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறுவான். வரட்டும் கடப்பாரை என்று ஒரு வாரம் சந்தோஷமாகக் காத்திருந்தேன். எட்டாம் நாள், என் விலா பொறுக்காமல், போத்தலை நிரப்பி வைத்தேன்.

சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது.

"விஷமா வச்சிருக்கேன்? ஏன்டா குடிக்கல?"

பின்னால் டிக்கெட் கட்டோடு இறங்கிக்கொண்டிருந்த புதுக் கண்டக்டரைக் கண்ணால் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அவன் நோட்டு வச்சிருக்கான்ணே."

தண்ணீரை வீணாக்குவானேன் என்று அங்கேயே நின்று நான் குடித்து முடித்தேன்.