படகின் தரைப்பலகைக்கு அடியில் நான் மறைத்த ஒட்டு

திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாத ஒரு படகின் அடியில் முகம் குப்புறக் கிடந்து, "ஆண்டவரே, என்னை விட்டுவிடாதேயும்" என்று அழுதவள் நான். வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இதுவரை சபையில் வாய் திறக்கவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கிரேஸ். போடியில் எலக்ட்ரானிக் சாமான்கள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளைச் சரி செய்வதுதான் பெரும்பாலும் வேலை. போடிமெட்டுக்கு மேலே அநேக எஸ்டேட்டுகளுக்கு என்னைத் தெரியும்.

அப்படி ஒரு எஸ்டேட் அணைத் தண்ணீரின் அக்கரையில் இருக்கிறது. அதன் முதலாளி கொச்சியிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகு வாங்கி வந்திருந்தார். அதில் ஆழம் காட்டும் கருவி, வழி காட்டும் ஜிபிஎஸ், எஞ்சின் மீட்டர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லிவர் எல்லாமே ஒரே கேபிளில் கோத்திருக்கும். தரைப்பலகைக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுகிற அந்த ஒரு கேபிள் வழியாகத்தான் அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். அந்தக் கேபிளில் கோளாறு வந்தால் எல்லாமே ஊமையாகிவிடும்.

போன வருஷம் புரட்டாசியில் கேபிளை எலி கடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். தண்ணீர் புகாத சரியான இணைப்பு என் கையில் இல்லை. வரவழைக்கப் பத்து நாள் ஆகும். எனக்கு அன்று வேறு சோலி இருந்தது. வயர்களை முறுக்கி, டேப் சுற்றி, பலகையை மூடிவிட்டேன். படகு ஓட்டுகிற மலையாளி ஜோமோன் கேட்டபோது, "எல்லாம் புதுசு போட்டாச்சு" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஐப்பசியில் மறுபடி அழைப்பு வந்தது. திரைகள் விட்டு விட்டு அணைகின்றன என்றார்கள். எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் சரியான இணைப்பைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் பழைய பொய் வெளியே வந்துவிடும் அல்லவா? திரையே பழசாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

நான் போய்ச் சேர்ந்த அன்றே அடைமழை. எனக்குப் பின்னால் மண் சரிந்து எஸ்டேட் ரோடு அறுந்துபோனது. கரண்டு இல்லை, டவர் இல்லை. இரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் வியாழக்கிழமை காலையில் முத்துலட்சுமிக்கு வலி எடுத்தது. சிலமலையிலிருந்து வேலைக்கு வந்த பெண். தலைப்பிரசவம். எஸ்டேட் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ள குறுக்க கெடக்கு. ஆபரேஷன் இல்லாம முடியாது. வெரசா போடிக்குக் கொண்டு போங்க" என்றார். ரோடு இல்லாததால் படகு ஒன்றுதான் வழி. போடிப் பக்கமான இக்கரையில் எப்போதும் எஸ்டேட் ஜீப் நிற்கும்.

நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கரை சேருகிற வரைக்கும் தாங்கிவிடும் என்று நினைத்தேன்.

ஜோமோன், முத்துலட்சுமி, அவள் புருஷன் பாண்டி, நர்ஸ், நான். ஐந்து பேர். பாதித் தண்ணீர்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், மஞ்சு இறங்கியது, மலைப்பக்கத்து மூடுபனி. நாலா பக்கமும் வெள்ளை. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அப்போது மூன்று திரைகளும் ஒன்றாக அணைந்தன. எஞ்சின் நின்றது.

"சேச்சி, லிவர் தள்ளினாலும் ஒண்ணும் கேக்கலே. எந்தா செய்யா?" என்றார் ஜோமோன்.

காற்று எங்களை இழுத்துக்கொண்டு போனது. பாண்டி துடுப்பைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். அணை கட்டியபோது முங்கிப்போன மரங்களின் கட்டைகளுக்கு நடுவே படகு செருகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முத்துலட்சுமி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, முடியலையே" என்று கத்தினாள்.

பலகையைத் தூக்கிவிட்டு நான் அடியில் நுழைந்தேன். பெட்ரோல் வாடை, தேங்கிய தண்ணீர், இருட்டு. தோள் இரண்டு பக்கமும் இடித்தது. பவரை அணைத்துவிட்டு, வயரில் என் சோதனை மீட்டரை வைத்தேன். அறுபது ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று காட்டியது. எங்கேயோ வயரும் வயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஜெபித்தேன். ஆனால் எப்படி ஜெபித்தேன் தெரியுமா? "கர்த்தாவே, கோளாறு வேறு எங்கேயாவது இருக்கட்டும்" என்று ஜெபித்தேன். ஆழக் கருவியைக் கழற்றினேன். மீட்டரில் மூன்றுதான். ஜிபிஎஸ்ஸைக் கழற்றினேன். அப்போதும் மூன்று. எஞ்சின் மீட்டரைக் கழற்றினேன். மாறவில்லை. என் கை பட்ட அந்த ஒரு இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்துவிட்டேன். மேலே முத்துலட்சுமியின் கத்தல் முனகலாகக் குறைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் என் உள்ளம் உடைந்தது. நான் கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளவில்லை. என் பொய்க்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, இது நான் செய்தது. என் மானம் போகட்டும். அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் காப்பாற்றும்" என்றேன்.

அங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன். "ஜோமோன், தப்பு என்னோடது. அன்னைக்குப் புதுசு போடல. வயர முறுக்கி டேப்புதான் சுத்தினேன். அதுதான் போயிருக்கு."

ஜோமோன், "ஆத்யமே, முன்னாடியே சொல்லியிருந்தா இந்தப் படகை நான் எடுத்திருக்க மாட்டேனே சேச்சி" என்றார்.

பாண்டி குனிந்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அதெல்லாம் கரையில வச்சுப் பேசிக்கிடலாம்க்கா. இப்ப ஒங்களால முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றேன். அந்த வார்த்தையை என் பலத்தில் சொல்லவில்லை.

பின்பக்கம் ஊர்ந்து போனேன். தண்ணீருக்குள் கையை விட்டதும் ஊறிப்போன டேப் வழுவழுவென்று தட்டுப்பட்டது. பிரித்தால் உள்ளே வயர்கள் பச்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கெட்டதை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்தேன். நடுவில் வைக்க வயர் வேண்டும். ஆழக் கருவியின் கேபிளிலிருந்து ஒரு முழம் வெட்டி எடுத்தேன். பையில் திருகு வைத்த கனெக்டர் இருந்தது. நான்கு வயரையும் நிறம் பார்த்து, துடைத்து, தனித்தனியாக முடுக்கினேன். தண்ணீர் தொடாத உயரத்தில் என் துப்பட்டாவால் இழுத்துக் கட்டினேன். ஜிபிஎஸ்ஸையும் எஞ்சின் மீட்டரையும் திரும்ப மாட்டிவிட்டு மீட்டரை வைத்தேன்.

அறுபது.

"பவர் போடு" என்று கத்தினேன். மேலே திரைகள் உயிர் பெறும் பீப் சத்தம் கேட்டது. எஞ்சின் பிடித்தது. ஜோமோன் மெதுவாகப் பின்னுக்கு எடுக்க, பாண்டி துடுப்பால் கட்டையைத் தள்ள, படகு உரசிக்கொண்டே விடுபட்டது. முன்பு வந்துபோன பாதை ஜிபிஎஸ் திரையில் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேலேயே போனோம். ஆழக் கருவிதான் இல்லையே. பாண்டி முன்னால் படுத்துக்கொண்டு துடுப்பால் தண்ணீரைக் குத்திக் குத்திப் பார்த்தார். மஞ்சுக்குள்ளிருந்து ஜீப்பின் மஞ்சள் விளக்கு தெரிந்தபோது நர்ஸ் வாய்விட்டு அழுதுவிட்டார்.

போடியில் ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாகப் பாண்டி பிறகு என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன்.

முத்துலட்சுமி என்னோடு பேச நாலைந்து மாதம் ஆனது. அது நியாயம்தான். நான் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ரோடு திறந்ததும் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, அந்தக் கேபிளை முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. அப்படி அவசரத்தில் ஒட்டுப் போட்ட வேலைகள் வேறு ஸ்டோர்களிலும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் போய், "இது சரியில்லை, நான்தான் செய்தேன்" என்று சொல்லிச் சரி செய்தேன். சிலர் திட்டினார்கள். இரண்டு எஸ்டேட்டில் இனி வராதே என்றார்கள். ஆனால் இப்போது போன் அடித்தால் தயங்காமல் எடுக்கிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது.

பிரியமானவர்களே, அவர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று அந்த இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நினைத்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான்தான் ஒரு விஷயத்தை மட்டும் கைக்குள் பொத்திக்கொண்டு மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களில் யாராவது அப்படி வழி தெரியாமல் அடைபட்டுக் கிடந்தால், பொத்தி வைத்திருப்பதை இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். என்னைப் போல நடுத்தண்ணீர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.