மாடிப்படியும் நாள் பிடித்தமும்

மூட்டு வலிக்காரர்களுக்குச் சிகிச்சை தருகிறவளின் அறை மாடியில் இருந்தது. பிசியோதெரபிஸ்டாக அவள் தொழில் தொடங்கியபோது, கட்டுப்படியான வாடகைக்குக் கிடைத்தது ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான். வருகிறவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறி, நடுவில் நின்று மூச்சு வாங்கி, "உங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள இன்னொரு முட்டியும் போயிடும் போல" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உள்ளே சுருக்கென்றிருக்கும்.

வீட்டை ஒட்டித் தரைத்தளத்தில் ஓர் அறை கட்டுவது என்று முடிவானது. வேலையை எடுத்துக்கொண்ட மேஸ்திரி, தூக்க முடியாமல் கிடந்த தன் தோளை அவளிடம் சரிசெய்துகொண்டவர்.

"நம்ம மேஸ்திரிதானே, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்றாள்.

கணவன் கேட்கவில்லை. தெரிந்த வக்கீலிடம் கூட்டிப்போனான்.

"கெடு தாண்டினா நாளுக்கு இவ்வளவு பிடித்தம்னு ஒரு ஷரத்து போட்டுடலாம்" என்றார் வக்கீல். "மிரட்டுற மாதிரி தொகை போடாதீங்க, கோர்ட்ல நிக்காது. தள்ளிப்போனா உங்களுக்கு நிஜமா என்ன நஷ்டம் வருமோ, அதைப் போடுங்க."

அறை தாமதமானால் மாடிக்கு வாடகை கட்டவேண்டியிருக்கும். அவளுக்குத் தோன்றிய நஷ்டம் அவ்வளவுதான். அதையே நாள்கணக்கில் பிரித்துப் போட்டார்கள். மேஸ்திரி படித்துப் பார்த்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

சுவர் எழுந்தது. கூரையும் போட்டாயிற்று. அப்புறம் ஆட்களைக் காணோம். கெடு தாண்டியதும் அவள் போன் செய்தாள்.

"பிடிச்சுக்கோங்க மேடம். அதான் எழுதியிருக்கே" என்றார் மேஸ்திரி, துளியும் கோபமில்லாமல்.

திட்டுவதற்குத்தான் கூப்பிட்டாள். எடுத்துக்கொள் என்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

"நல்லதுதானே? உன் வாடகையை அவர் கட்டுறார். விடு" என்றான் கணவன்.

அதுவும் சரிதான் என்று பட்டது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பாதிப் படியிலிருந்து திரும்பிப் போகும்வரை. "புது ரூம் திறந்ததும் சொல்லுங்கம்மா" என்று கீழிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனார். அவரைப்போல இன்னும் சிலர் நின்றுவிட்டார்கள். தொகையைக் கூட்ட முடியுமா என்று வக்கீலைக் கேட்டாள்.

"முடியாதும்மா. தாமதத்துக்கு இதுதான் ஈடுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நஷ்டம் கூடினாலும் குறைஞ்சாலும் இனி அதுதான் கணக்கு."

"அப்போ அந்த ஷரத்து யாருக்குப் பாதுகாப்பு?"

"ரெண்டு பேருக்கும்தான்."



மறுநாள் மேஸ்திரி வேலை செய்யும் இடத்துக்கே போய்விட்டாள். பெரிய பள்ளிக்கூடக் கட்டடம். அவள் அறைச் சுவருக்குப் பூச வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் அங்கே சாரத்தின் மேல் நின்றிருந்தார்கள்.

"இங்கயும் இதே ஷரத்துதான் மேடம். ஆனா இங்க தொகை பெரிசு, ஒரு நாள் தள்ளினாலும் நான் நடுத்தெருவுக்கு வந்துடுவேன்" என்றார் மேஸ்திரி கூச்சத்தோடு. "உங்க பிடித்தம் தாங்குது."

"அப்போ நான் நியாயமா எழுதினதுதான் தப்பா?"

அவர் தலையைச் சொறிந்தார். "தப்புன்னு சொல்ல முடியாது... இல்லைன்னும் சொல்ல வரல."

அவள் யோசிக்காமலே சொன்னாள்: "இன்னைலேருந்து பிடிக்கல. காசு வேண்டாம், நீங்க வந்தா போதும்."

மேஸ்திரியின் முகம் வாடியது. "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க! காசுதான் கட்டுறோமேன்னு நிம்மதியா இருந்தேன். இனி வராம எப்படி இருக்கிறது?"

அடுத்த நாளே ஒரு பூச்சு ஆளோடு வந்து நின்றார். அவரே சிமெண்ட் குழைத்தார். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு வைத்து, வேலையை முடித்துவிட்டுத்தான் போனார்.

கடைசிக் கணக்கன்றுதான் கூத்து. பிந்திய எல்லா நாளுக்கும் பிடிக்கச் சொல்லி மேஸ்திரி மல்லுக்கு நின்றார். ஒரு நாளுக்கும் பிடிக்க மாட்டேன் என்றாள் அவள்.

"யாரு யாரு கட்சின்னே புரியலையே!" என்றான் கணவன்.

பள்ளிக்கூடக் கட்டடத்தில் அவள் அவரைப் போய்ப் பார்த்த நாள்வரை பிடிப்பது, அதற்கப்புறம் இல்லை என்று ஒருவழியாக முடிந்தது.

புது அறையில் இப்போது கூட்டம் வருகிறது. அந்த ஷரத்து தன்னைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் தங்கை போன் செய்தாள். அவளும் வீடு கட்டப் போகிறாளாம்.

"நாளுக்கு எவ்வளவுக்கா போடுறது?"

"உன் மாமாவையே கேளு" என்று போனைக் கணவன் கையில் திணித்துவிட்டு, அவள் அடுத்தவரின் முட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.