சப்பாத்தில் ஒட்டிய மண்

ஐரோப்பாவின் இலையுதிர்காலத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை லொறியின் தார்ப்பாய்க்குள் ஒளிந்தும், பிறகு கால்நடையாகவும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, கையில் வேறொருவனின் பாஸ்போர்ட். கூட நண்பன் ஒருவன் வந்தான். போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஓடும் ஆற்றைக் கடக்கையில் அவன் மூழ்கிப்போனான். மூன்றாம் நாள் உடலை எடுத்து, ஜெர்மன் கரையில் ஒரு சிறிய ஊரின் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த சேமக்காலையில் புதைத்தார்கள். எல்லையில் பிடித்து வைத்திருந்த என்னையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு பல நாடுகள், பல பெயர்கள். கடைசியில் ஆக்லாந்து. பென்ரோஸில் கிடங்கு வேலை, மனுரேவாவில் வாடகை வீடு. நண்பனின் தங்கையும் பிறகு இங்கேதான் வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்கிறாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். எரித்திருந்தால் சாம்பலாவது வந்திருக்கும். புதைத்துவிட்டார்கள். அந்த இடத்து மண் ஒரு பிடி கிடைத்தால் கடலில் கரைத்து, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை முடித்துவிடலாம். என் பெயரில் உண்மையான பாஸ்போர்ட் கிடைத்த பிறகும் நான் வருடக்கணக்காகப் போகவில்லை. போக விருப்பமில்லை என்பதுதான் காரணம்.

போன ஒக்டோபரில் மனைவியோடு புறப்பட்டேன். ஜெர்மனியில் இருக்கும் அவளின் தமையன் கார் ஓட்டுவதாக ஏற்பாடு. மூன்று வாரம், ஆறுதலாக, ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு போவது என்றார்கள். மனைவி செய்த பிழை, பாரிஸில் இருந்த ஒரு சித்திக்குச் சொன்னது. எங்கள் ஆட்கள் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கினால் அது அவர்களை அவமதிப்பது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போனால் பத்து வருடப் பகை. ஒரே கிழமையில் பட்டியலில் பதினான்கு வீடு சேர்ந்துவிட்டது. எந்த வழியால் போவது என்பதை மலையும் ஆறும் தீர்மானிக்கவில்லை, யாருக்குக் கோபம் வரும் என்பதுதான் தீர்மானித்தது.

திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாகிக் கிடந்தன. தெருவோரம் அப்பிள் மரங்கள். அன்று திருடித் தின்ற அதே அப்பிளை இப்போது கூடையில் வைத்து விற்றார்கள். காரை நிறுத்தச் சொன்னால் மச்சான் நிறுத்த மாட்டார், அடுத்த வீட்டில் இடியப்பம் அவித்துவிட்டார்களாம். போனதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோவைப் போடுவார்கள். முழுவதையும் பார்க்கவேண்டும்.

சேமக்காலைக்கு எப்போது போவது என்று நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஸ்டுட்கார்ட்டில் வைத்து மச்சான் சிரித்தார்.

"செத்தவன் எங்க மச்சான் போகப்போறான்? உயிரோட இருக்கிறவைக்குத்தான் கோவம் வரும்."

கடைசி நாளுக்கு முதல் நாள்தான் அங்கே போய்ச் சேர்ந்தோம். செத்தவனும் போயிருந்தான். அந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டாம். தவணை முடிந்து யாரும் கேட்டு வராவிட்டால் அடையாளத்தை எடுத்துவிட்டுப் புல் விதைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாது. புதைத்தால் என்றைக்கும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். காவல்காரக் கிழவர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, ஈரப் புல்லில் ஓர் இடத்தைக் காலால் காட்டினார். ஒரு பிடி தோண்டி மருந்துப் போத்தலில் போட்டுக்கொண்டேன். மனைவி கற்பூரம் கொளுத்தினாள், காற்றில் நிற்கவில்லை. மச்சான் காரிலிருந்து ஹோர்ன் அடித்தார். இன்னும் ஒரு வீடு மிச்சமிருந்தது.

ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு சின்னப் பெண் அதிகாரி, மண் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்டாள். வாழ்நாளில் இப்படியான மேசைகளின் முன்னால் பெயர், ஊர், வயது, தகப்பன் பெயர் எல்லாவற்றிலும் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, இனி நான் இந்த நாட்டுக்காரன்தானே என்று நினைத்து, ஆம் என்றேன். யாருடைய மண் என்பதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், மேலதிகாரியையும் அழைத்தாள், வெளிநாட்டு மண்ணை உள்ளே விடச் சட்டம் இல்லை என்று வருத்தம் சொன்னாள். பிறகு போத்தலைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அடியில் ஒட்டியிருந்ததையும் நன்றாகக் கழுவித் துடைத்துத் தந்தாள்.

மறுநாள் நண்பனின் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் சின்னச் செம்பு ஒன்றை மினுக்கி வைத்திருந்தாள். புக்கெகோஹித் தோட்டத்து மண்ணில் ஒரு பிடி கொடுத்திருக்கலாம், அவளுக்குத் தெரியவராது. வழியில் அதை யோசித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் நடந்ததைச் சொன்னேன்.

அவள் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தினை எயார்போட்டில பொய் சொன்னனீங்கள், அண்ணை," என்றாள். "எல்லாம் உங்கட உயிருக்கு. என்ர அண்ணாவுக்கு ஒருக்காச் சொல்லேலாமப் போச்சோ?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

தேத்தண்ணி தந்தாள், குடித்தேன். வாசலில் சப்பாத்து கிடந்தது, புதுசுபோலச் சுத்தமாக. போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.