டுவெய்னின் உள்ளங்கை

நான் பரிமாறும் ஹோட்டலின் வாசலில் நிற்கும் எந்தக் காரையும் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் சும்மா கடந்து போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதன் முகப்பில் உள்ளங்கையை ஓட்டுவார். ஓரிடத்தில் கை நிற்கும். "இங்க நசுங்கினதுக்குப் பட்டி பாத்திருக்கான்" என்பார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கைக்காரர் ரஸ்டி குரல் கொடுப்பார்: "வைத்தியர் வந்துட்டாருப்பா. அப்படியே என் வண்டிக்கும் நாடி பாத்துட்டு வா, பொழைக்குமான்னு சொல்லு."

கலிபோர்னியாவின் இந்தப் பாலைவன ஊரில் பாதிப் பேருக்கு விமான ஆலையில்தான் பிழைப்பு. டுவெய்ன் அங்கே ரேடாருக்குத் தப்பும் கறுப்பு விமானத்துக்கு மேல்பூச்சு பூசினார். ஒரு திருகின் தலை துளி துருத்தினாலும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கையுறை போட்டால் மேடு தெரியாது என்று வெறுங்கையால் தடவியே வேலையை முடித்தார். வீட்டில் கேட்டால், "பெயின்ட் வேலை."

"அது என்ன வீடோ, இத்தனை வருஷமா அடிச்சும் முடியல" என்பார் மனைவி வெர்னா.

இந்தக் குளிர்காலத்தில் வளைகுடாப் போர் மூண்டது. விமானத்தை டிவியில் காட்டினார்கள். கூரைத் துளைக்குள் குண்டு இறங்குவதையும் காட்டினார்கள். ஹோட்டலே கைதட்டியது. டுவெய்ன் ஒன்றுதான் கேட்டார்: "எல்லாம் திரும்பி வந்துடுச்சா?"

பிப்ரவரியில் அதே டிவியில் குண்டு விழுந்த பாக்தாத் பதுங்குகூடம் ஒன்று வந்தது. போர்வை சுற்றிய உடல்கள், அவற்றில் பல மிகச் சிறியவை. ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். "சேனலை மாத்தும்மா, சாப்புடறோம்ல" என்றார் ரஸ்டி என்னிடம். எந்த விமானம் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. டுவெய்னுக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. "யாரு கண்ணுலயும் படாமத்தான் போயிருக்கும்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது.

இருமல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உள்ளங்கையும் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"நுரையீரல் பாதி போயிருக்கு" என்றார் டாக்டர். "எதை மோந்தீங்கன்னு சொன்னா மருந்தை மாத்திப் பாக்கலாம். இல்லைன்னா வசந்தம் தாண்டறதே கஷ்டம்."

"பெயின்ட்டு."

"அதுல என்னென்ன கலந்திருந்தது?"

டுவெய்ன் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தால் சிறை என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"டிவிக்காரன் உலகத்துக்கே காட்டிட்டான், உனக்கு மட்டும் என்ன ரகசியம்?" என்றார் வெர்னா. "நீ போயிட்டா நான் யாருகூட சண்டை போடறது?"

"காட்டினது விமானத்தை. பூச்சுல என்ன இருக்குன்னு இன்னும் எவனுக்கும் தெரியாது. பயலுங்க அதை நம்பித்தான் மேல பறக்கறானுங்க, வெர்னா."

வெர்னா கணவரின் வலது கையை இழுத்து, விரல்களைப் பிரித்து, வெடித்த உள்ளங்கையை டாக்டரின் மேஜைமேல் விரித்து வைத்தார். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

டுவெய்ன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டார்.