மாமாவுக்கு வந்த இழுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெதமிலிருந்து கணவரின் அண்ணர் வந்திருந்தார். இந்த வெள்ளைக்கார நாட்டில் எங்கள் மகள் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் இப்போதே பெரியவர்கள் யாருக்கும் சரியான நித்திரை இல்லை.

“நிறத்தைப் பார்த்துக் குறைஞ்ச மார்க்ஸுக்கும் இடம் குடுக்கிறாங்களாம். எங்கட பிள்ளையளுக்கு மட்டும் எங்க போனாலும் கூடப் புள்ளி வேணும்” என்றார் அவர்.

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “நிறமில்லை, பெரியப்பா. இருக்கிற இடமும் படிக்கிற ஸ்கூலும்தான் பாக்கிறது” என்றாள்.

அண்ணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப இடத்தை மாத்துவம். எட்மண்டன் மாதிரி ஏழைப் பக்கமா ஒரு பிளாட் பாக்கட்டே?”

கணவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தட்டுக் கழுவும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். இதே யோசனையை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

அப்போது நாங்கள் முல்லைத்தீவில் இருந்தோம். அப்பா அங்கே தபாலதிபர். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவின் தம்பி, கொஞ்சப் புள்ளியால் மருத்துவத்தைத் தவறவிட்டிருந்தார். தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று தொடங்கிய பல்கலைக்கழகத் தரப்படுத்தல், அதற்குள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு புள்ளி என்று மாறியிருந்தது. யாழ்ப்பாணத்தில் போதாத புள்ளி, பின்தங்கிய முல்லைத்தீவில் தாராளமாகப் போதும். ஆகவே மாமா டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கி, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்.

ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. மாமாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம், கடற்காற்றுக்கு வந்திருக்கிறார் என்று அம்மா சொல்லிவைத்தார். யாழ்ப்பாணத்தைச் சுற்றியும் கடல்தானே என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமா வீட்டுக்குள் இழுத்து இழுத்து இருமிப் பழகினார். சரியா பிழையா என்று சொல்வது என் வேலை. “நாய்க்குத் தொண்டையில முள்ளுக் குத்தின மாதிரிக் கிடக்கு மாமா” என்பேன். திரும்பவும் இருமுவார்.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டு ஐயா கடலுக்குப் போகிறவர். அவருடைய மனைவி மாமாவின் இருமலை நம்பி, ஆடாதோடை அவித்த கசாயத்தோடு அடிக்கடி வருவார். குடித்து முடிக்கும்வரை போகமாட்டார். “மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குங்கோ தம்பி” என்பார். மாமா விழுங்குவார். அந்த நேரத்தில் கண்ணில் வரும் தண்ணீர் மட்டும் நடிப்பில்லை.

அவர்களுடைய மகள் மாமாவின் வகுப்புத்தான். மாமா வரும்வரை வகுப்பில் முதலாம் பிள்ளை அவ. பின்னேரங்களில் எங்கள் முற்றத்து மணலில் இருந்து இரண்டு பேரும் படிப்பார்கள். யாழ்ப்பாணத்து டியூட்டரிக் குறிப்புகளை மாமா அவவுக்கு ஒளிக்காமல் கொடுத்தார். அவ எனக்குப் பாலைப்பழம் கொண்டுவந்து தருவா. தின்றால் உதடு இரண்டும் பசைபோல ஒட்டிக்கொள்ளும். வாய் திறக்க முடியாமல் நான் படும் பாட்டைப் பார்த்து இரண்டு பேரும் சிரிப்பார்கள். கடல் இரைச்சலும் அந்தச் சிரிப்பும் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அவ்வளவு சந்தோசமான பின்னேரங்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

சோதனை மறுமொழி வந்தது. மாமாவுக்கு மருத்துவம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைக்கவில்லை. மாவட்டத்துக்கு இருந்ததே சொற்ப இடங்கள். கடைசி இடத்துக்கு அடுத்ததாக நின்றவ அவதான். குசினியில் அம்மா பயற்றம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாகச் சொன்னார்.

“உம்மட தம்பி இங்க வராமல் விட்டிருந்தா அந்தப் பிள்ளை எடுபட்டிருக்கும்.”

அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பவில்லை. “எங்களை இனம் பார்த்துப் புள்ளியில வெட்டேக்க ஆர் வந்து கேட்டவை?”

அம்மா பணியாரத்தை ஒரு தட்டில் அடுக்கி, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையில் தந்தார்.

அங்கே அக்காவின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். “இனித் தம்பிக்குப் பயமில்லை. தன்ர நெஞ்சைத் தானே பாப்பார்” என்று சொல்லி, ஒரு பணியாரத்தை அங்கேயே கடித்துச் சாப்பிட்டார். அக்கா உள்ளே நிலத்தில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தா. அவ வலையைத் தொட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“திரும்பச் சோதினை எடுக்கேல்லையோ அக்கா?” என்று கேட்டேன்.

“இல்லையடி. எனக்குக் கலியாணம் பேசி முற்றாயிட்டுது. மாப்பிளையும் கடலுக்குப் போறவர்தான். நீதான் பூத்தட்டுத் தூக்க வேணும்.”

எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு வீட்டில் டொக்டர், மற்ற வீட்டில் கலியாணப் பொம்பிளை. இரண்டு வீட்டிலும் ஒரே கிழமையில் நல்லது நடக்கிறது. வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் பூந்து ஓடிவந்து, மூச்சு வாங்க எல்லோருக்கும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா தபால் கந்தோருக்குப் போக வேண்டும் என்று எழும்பினார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மாமா மட்டும் கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாக அள்ளி முகம் கழுவிக்கொண்டே நின்றார்.

எனக்கு எப்போது புதுச்சட்டை தைக்கப் போகிறீர்கள் என்று அவர் பின்னால் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மாமாவுக்கு ஏன் காது கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.