மாமாவின் கை தப்பு செய்யவில்லை

போன வருடம் மாசி மாதம், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகில் போனபோது நடந்தது இது. நானும் என் கணவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் மாதிரி ஷூ தைக்கிற சாம்பிள் ரூமில், நான் ஃபைனல் செக்கிங்கில். பாலாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே வண்டி எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடுகிறவர்கள் நாங்கள். கடல் எங்கே, நாங்கள் எங்கே! எல்லாம் கணவரின் தாய்மாமாவால் வந்தது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு ஒரு பழைய படகை வாங்கி, கொச்சியில் நிறுத்தி, அதிலேயே குடியிருக்கிறார். துணைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று கூப்பிட்டார். மறுக்க முடியவில்லை.

வெறுங்கையோடு எப்படிப் போவது? என் கணவர் எக்ஸ்போர்ட் தரத்தில் பளபளவென்று ஒரு தோலை வாங்கிக்கொண்டு போய், கிளம்புவதற்கு முந்தின நாள் படகின் ஸ்டியரிங் சக்கரத்துக்கு உறை தைத்துப் போட்டார். எங்கள் ஊரில் தோல் என்றால் பளபளப்புதானே! வேறு எதையும் யோசிக்கவில்லை. நானும் தையலைத் தடவிப் பார்த்து ஓகே சொன்னேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது, நான் வாந்தி எடுத்ததைத் தவிர. இரண்டாம் நாள் மதியம் காற்று ஏறியது. அலைகள் படகுக்குள்ளேயே வந்து விழுந்தன. ஓங்கி அடித்த ஓர் அலையில் மாமாவின் பிடி விட்டுப்போனது. சக்கரம் தானாகச் சுழன்று படகு ஒரு பக்கமாகச் சாய, மாமா தூக்கி எறியப்பட்டார். இடுப்பில் கட்டியிருந்த கயிறுதான் அவரைக் கடலில் விழாமல் காப்பாற்றியது. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

என் கணவர் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தார். மாமா வலியைப் பொறுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லச் சொல்ல இவர் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் இவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. நானும் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஈரம் பட்ட தோல், எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. சொரசொரப்பான உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்திருந்தால் பிடி நின்றிருக்கும். வாயைத் திறக்காமல் என் துப்பட்டாவை அதன்மேல் இறுக்கிச் சுற்றினோம்.

சாயங்காலம் காற்று அடங்கியது. மாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடி போய்டுச்சும்மா. கிழவனாயிட்டேன். ஊருக்குத் திரும்புனதும் படகை வித்துட்றேன்" என்றார். அந்தப் படகை விட்டால் அவருக்கு வேறு வீடு இல்லை, வேறு ஆசையும் இல்லை.

இவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னேன். "சும்மா இருங்க. அவரே கேக்கல, நீங்க இன்னாத்துக்கு சொல்லிக்கினு?"

சொந்தக்காரர்கள் மத்தியில் என் வீட்டுக்காரர் தலைகுனிய வேண்டுமே என்ற பயம் எனக்கு. அன்று இரவு நாங்கள் இருவரும் மாறி மாறிச் சக்கரத்தைப் பிடித்தோம்.

மறுநாள் காலை, தூரத்தில் தென்னை மரங்கள் தெரிந்தபோது இவருக்குப் பொறுக்கவில்லை. "மாமா, உங்க கை மேல தப்பே இல்ல. நான் தச்ச தோலுதான் வழுக்கிச்சு" என்று போட்டு உடைத்துவிட்டார்.

மாமா துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். கடல் தண்ணீரை ஊற்றி, நல்ல கையால் பிடித்துப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

"இத நேத்தே சொல்லக் கூடாதாப்பா? ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லடா. இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லன்னு முடிவே பண்ணிட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கரை வரும்வரை கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன்.

மாமா படகை விற்கவில்லை. கை தேறி, மறுபடியும் கடலில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். தைரியமாக உண்மையைச் சொன்னவன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் என் கணவரைப் புகழ்கிறார். முந்தின நாளே சொல்ல விடாமல் தடுத்தவள் நான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. தப்பை மூடி மறைத்தால் அது அப்படியே காணாமல் போய்விடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது நேராகப் போய் ஒரு பாவமும் அறியாதவர் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் என்று, மாமாவின் தூக்கம் போன அந்த ஒரு ராத்திரிதான் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.