முத்துக்குட்டி கீழே போட்ட இரண்டு ராஜாக்கள்

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாம் ஆறு பேரும் அவரவர் வீட்டிலிருந்து போனில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தோம். முத்துக்குட்டியின் முறை வந்தது. அவன் பெயரைச் சுற்றிக் கடிகாரம் ஓடியது, அவன் ஆடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, தோக்கப் போறோம்னு தெரிஞ்சா நேரத்தைக் கடத்துவியோ? நீயெல்லாம் எங்களுக்கு நியாயம் சொல்ல வந்துட்ட!" என்று குரல் பதிவு போட்டேன். நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கல்யாணில் இருக்கும் கணபதி சிரிப்புப் படம்கூட அனுப்பினார். அடுத்த நிமிஷம் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி செல்வி அலறினாள். உங்களுக்கெல்லாம் சேதி போனில் வந்தது. எனக்குச் சுவர் வழியாக வந்தது. நாற்பத்தாறு வயது. மாரடைப்பு.

தாராவியில் எங்கள் சந்தில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவன். காசு வைக்காமல் வெறும் சில்லு வைத்து ஆடும் இந்த மேசையை நமக்காகத் தொடங்கியவன் அவன்தான். ஜெயித்தவர் கேலிப்படம் அனுப்பக் கூடாது, கீழே போட்ட சீட்டை ஆட்டம் முடியும்வரை சொல்லக் கூடாது, தோற்கும்போது நெட்டை அறுத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பான். "காசு இல்லாத இடத்துலதான், அத்தை, ஆளு யாருன்னு தெரியும்" என்பான் என்னிடம்.

ஒருமுறை கணபதி தோற்கப்போகும் நேரத்தில் காணாமல் போனார். அவரை வெளியே தள்ளு என்று நான் சொன்னேன். முத்துக்குட்டி மேசையை நிறுத்தி வைத்துக் காத்திருந்தான். அவர் திரும்பி வந்து, ரயிலில் சிக்னல் இல்லை என்றார். "வாங்க அண்ணாச்சி, உங்க சீட்டு அப்படியே இருக்கு" என்றான். அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த மனிதருக்கு எந்த ரயில்? அவன் மறந்திருப்பான். நான் மறக்கவில்லை, கணபதி.

இனி என் கதைக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்கு இரண்டு ராணிகள் வந்தன. நடுவில் ஒரு சீட்டுக்கூட விழவில்லை, அதற்குள் முத்துக்குட்டி ஆட்டத்தை விட்டு விலகினான். விலகும்போது விரல் தவறி எதையோ தொட்டுவிட்டான். அவன் கீழே போட்ட சீட்டுகள் எல்லோருக்கும் தெரிந்தன. இரண்டு ராஜாக்கள்! என் ராணிகளை அடிக்கிற சீட்டு.

"என்னலே, அத்தைக்குத் தர்மமா?" என்று கேட்டு எழுதினார் கணபதி.

போனை வைத்துவிட்டு அவன் வாசலில் போய் நின்றேன். "கிழவின்னு எனக்குப் பிச்சையா போடுத?" என்றேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரியெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

"விரல் பட்டுட்டு அத்தை" என்றான்.

அன்றிலிருந்து ஏழு மாதம் அவனோடு நான் பேசவில்லை. குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கார்த்திகைக்குச் செல்வி கொண்டுவந்த கொழுக்கட்டையைப் பாத்திரத்தோடு திருப்பி அனுப்பினேன். மேசைக்கு மட்டும் தவறாமல் வந்தேன், அவனை நேராக ஆடித் தோற்கடிக்க. அவனோ நான் இருந்த ஆட்டத்திலெல்லாம் சீட்டைக் கீழே போட்டு விலகிக்கொண்டே இருந்தான். கடைசியில் நான் அவனிடம் பேசியது அந்தக் குரல் பதிவில்தான்.

பதினாறாம் நாள் முடிந்து செல்வியிடம் போய் உட்கார்ந்தேன். அந்த இரண்டு ராஜாக்களைப் பற்றி நானே கேட்டேன்.

"நீங்க சீட்டை வாய்விட்டுல்லா வாசிப்பிய அத்தை. ராசா, ராணி, டைமன் ஏழுன்னு. இங்கன அட்சரம் விடாம கேக்கும். கேட்டுட்டா அவிய ஆட மாட்டாவ. அடுத்தவுக சீட்டைத் தெரிஞ்சுக்கிட்டு ஆடுதது களவும்பாவ."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"நானும் கேட்டேன். 'அத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவுக. வாயால சொன்னாத்தான் மனசுல நிக்கும். சொன்னோம்னா வெக்கப்பட்டு ஆட்டத்தையே விட்டுருவாவ. எனக்கு ஒரு ஆட்டம்தான போவுது, போட்டும்'னாவ."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் வாய் சத்தம் போடுகிறது என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு கேட்டேன். "செல்வி, அன்னைக்கு நான் ஏசுனது அவன் காதுல விழுந்துச்சா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "காப்பி போடட்டா அத்தை?" என்று எழுந்து போனாள்.

கணபதி புது மேசை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் வரவில்லை. அங்கே கேலிப்படம் அனுப்பலாமாம். முத்துக்குட்டியிடமிருந்து நீங்கள் நல்லதாக எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியது அவனோடு பேசாத ஏழு மாதமும், செல்வி சொல்லாமல் விட்ட அந்தப் பதிலும்தான்.